பட்டா இல்லாதவர் கையில் பணம்

மேடையில் இருக்கும் தோழர்களுக்கும், எதிரே அமர்ந்திருக்கும் மாணவ நண்பர்களுக்கும், பின்கட்டில் நமக்காகச் சோறு வடித்துக்கொண்டிருப்பதால் இந்த உரையைக் கேட்க முடியாத பெண்களுக்கும் வணக்கம். ஜெய்பீம்.

1994 அக்டோபர் 10ஆம் நாள், காரணை பஞ்சமி நிலத்துக்காகச் செங்கல்பட்டில் திரண்ட மக்கள்மீது போலீஸ் சுட்டது. ஜான் தாமஸும் ஏழுமலையும் உயிரிழந்தார்கள். அவர்களை நினைக்கும் மேடையில் நான் பணத்தைப் பற்றிப் பேசப்போகிறேன். விவசாயக் குடும்பங்களின் கையில் அரசு நேரடியாகக் கொடுக்கும் பணத்தைப் பற்றி. இந்தத் தலைப்பைச் சொன்னதும் மன்றத் தோழர் ஒருவர், "நிலத்துக்காகச் செத்தவங்க மேடையில ஆயிரம் ரூபாயப் பத்திப் பேசுறீங்களா தோழர்?" என்று கேட்டார். கேட்க வேண்டிய கேள்விதான். இந்த உரை முழுவதும் அவருக்கான பதில்.

பதிலின் சாரத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நம் நிலம் பெரும்பாலும் சின்னப் பணம் இல்லாததால்தான் போனது. இன்று அரசு கொடுக்கும் பணமோ நிலம் இருக்கிறதா என்று கேட்டுவிட்டுத்தான் வருகிறது. இந்த இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் பணக் கோரிக்கையும் நிலக் கோரிக்கையும் ஒரே கோரிக்கையின் இரண்டு கைகள் என்பது தெரியும்.

என் வீட்டிலிருந்தே தொடங்குகிறேன். சமூகவியல் படித்தபோது 'சொந்த வீட்டை ஆய்வுக்கு எடுக்காதே' என்றார்கள். எடுக்காமல் வேறு எங்கே போவது?

மதுராந்தகம் பக்கம் எங்கள் ஊர். ஏரிப் பாசனம். என் அண்ணன் ஒன்றரை ஏக்கர் குத்தகைக்கு ஓட்டுகிறார். ஏக்கருக்குப் போகத்துக்கு எட்டு மூட்டை குத்தகை. விளைந்தாலும் எட்டு, வெள்ளத்தில் போனாலும் பேசிப் பார்த்து ஆறு. எழுத்தில் எதுவும் கிடையாது. நிலத்துக்காரர் சென்னையில் இருக்கிறார், நல்ல மனிதர், பொங்கலுக்கு வந்தால் பிள்ளைகளுக்குப் பேனா கொடுப்பார். சிட்டா அவர் பெயரில், அடங்கலும் அவர் பெயரில். அதனால் கூட்டுறவுச் சங்கத்தில் பயிர்க்கடன் அண்ணனுக்குக் கிடையாது. பயிர்க் காப்பீடு கிடையாது. வெள்ள நிவாரணம் வந்தால் அதுவும் நிலத்துக்காரர் கணக்குக்குத்தான் போகும். நான்கு மாதத்துக்கு ஒருமுறை அவருடைய போனில் 2,000 ரூபாய் வந்ததாகச் செய்தி வரும். அந்த நேரத்தில் அண்ணன் அவர் நிலத்தில் வரப்பு வெட்டிக்கொண்டிருப்பார்.

அந்த 2,000 ரூபாய், பிரதமர் கிசான் திட்டத்தின் தவணை. 2019 பிப்ரவரியில் தொடங்கினார்கள். ஆண்டுக்கு 6,000 ரூபாய், மூன்று தவணை. முதலில் இரண்டு ஹெக்டேர் வரை நிலம் உள்ளவர்களுக்கு என்றார்கள். அதே ஆண்டிலேயே அந்த வரம்பை எடுத்துவிட்டு நிலம் வைத்திருக்கும் எல்லா விவசாயக் குடும்பங்களுக்கும் என்று விரித்தார்கள். வருமான வரி கட்டுபவர்கள், உயர் பதவியில் உள்ளவர்கள் என்று சில விலக்குகள் உண்டு. பணத்தை எப்படிச் செலவு செய்தாய் என்று யாரும் கேட்பதில்லை. அதனால் இதை நிபந்தனையற்ற பணம் என்கிறார்கள். ஆனால் வாசலிலேயே ஒரு நிபந்தனை நிற்கிறது. அதன் பெயர் பட்டா.

பட்டா வெறும் காகிதம் என்று நினைக்காதீர்கள். யார் நிலம் வைத்திருக்கலாம், யார் அதில் வேலை செய்யலாம் என்று சாதி எழுதிய கணக்கின் இன்றைய நகல் அது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் பட்டியல் சாதியினர் நூற்றுக்கு 16.6 பேர். 2015-16 வேளாண் கணக்கெடுப்பில் அவர்கள் கையில் இருந்த சாகுபடி நிலப்பரப்போ நூற்றுக்கு 9க்கும் குறைவு. நிலத்தின் வழியாகப் பாயும் பணம் இந்தக் கணக்கின்படிதான் பாயும். மேட்டுத் தெருவுக்குப் போகிற வாய்க்கால் சேரிக்குத் திரும்பாது.

தெலங்கானாவைப் பாருங்கள். 2018இல் 'ரைத்து பந்து' திட்டம் வந்தது. ஒரு போகத்துக்கு ஏக்கருக்கு 4,000 ரூபாய், பிறகு 5,000 ரூபாய். பாஸ்புத்தகம் வைத்திருக்கும் நிலச் சொந்தக்காரருக்கு மட்டும். பத்து ஏக்கர் வைத்திருப்பவருக்கு ஆண்டுக்கு ஒரு லட்சம். அந்தப் பத்து ஏக்கரையும் குத்தகைக்கு எடுத்து உழுகிறவருக்கு ஒன்றுமில்லை. பணம் வருகிறதே என்று எந்த நிலத்துக்காரரும் குத்தகையைக் குறைக்க வேண்டிய கட்டாயம் இல்லை. 2025 ஜனவரியில் அடுத்து வந்த அரசு, நிலமற்ற விவசாயக் கூலிக் குடும்பங்களுக்கும் ஆண்டுக்கு 12,000 ரூபாய் என்று அறிவித்தது. வரவேற்க வேண்டியதுதான். ஆனால் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நிலம் உள்ளவருக்கு ஒரு ஏக்கருக்கு 12,000. நிலமில்லாதவருக்கு ஒரு குடும்பத்துக்கே 12,000. அதோடு, நிலமில்லாதவர் நூறுநாள் வேலையில் குறைந்தது 20 நாள் வேலை செய்திருக்க வேண்டும். நிலம் வைத்திருப்பவரிடம் 'நீ எத்தனை நாள் வயலில் இறங்கினாய்?' என்று யாரும் கேட்கவில்லை. கூலிக்காரரிடம் கேட்டார்கள். உழைப்பைப் பற்றிய சந்தேகம் எப்போதும் உழைக்கிறவர்மீதுதான் விழுகிறது.

கொடுப்பதற்கு முன்னால் நிபந்தனை போடுவது நமக்குப் புதிதல்ல. களத்துமேட்டில் நெல் அளக்கும்போது ஊர்ப்பணியாளருக்கு ஒதுக்கிய மேரை ஒரு காலத்தில் நம்மவர்களின் வாழ்வாதாரமாக இருந்தது. அதற்கு விலை என்ன? சாவுச் செய்தி சொல்ல வேண்டும், செத்த மாட்டைத் தூக்க வேண்டும், கூப்பிட்ட நேரத்தில் போய் நிற்க வேண்டும். மராட்டியத்தில் இதையே 'மகர் வதன்' என்றார்கள். கொஞ்சம் நிலம், கொஞ்சம் தானியம், பதிலுக்கு முடிவில்லாத ஊழியம். பாபாசாகேப் அம்பேத்கர் 1928இல் பம்பாய் சட்டமன்றத்தில் இதை மாற்ற மசோதா கொண்டுவந்தார். கையில் கிடைக்கும் சிறு ஆதாயத்தை இழந்துவிடுவோமோ என்று நம் மக்களே அஞ்சினார்கள். அவர் விடவில்லை. அந்தக் கொஞ்ச நிலமும் தானியமும்தான் காலைக் கட்டியிருக்கும் கயிறு என்று அவருக்குத் தெரிந்திருந்தது. எனவே 'நிபந்தனையற்ற' என்ற சொல்லை ஒரு பொருளாதாரச் சொல்லாக மட்டும் நான் பார்ப்பதில்லை. கையேந்தாமல், பதிலுக்கு ஊழியம் செய்யாமல் கிடைக்கும் பணம் என்பது சாதிச் சமூகம் நமக்கு ஒருநாளும் தராத ஒன்று.

அப்படிப் பணம் கொடுத்தால் ஒரு விவசாயக் குடும்பத்தில் என்ன நடக்கும்? இதற்கு நம் நாட்டிலேயே ஒரு சோதனை நடந்தது. மத்தியப் பிரதேசத்தில், 2011இல் தொடங்கி ஓராண்டுக்கு மேல். 'சேவா' பெண்கள் அமைப்பு நடத்தியது, யுனிசெஃப் நிதி கொடுத்தது. எட்டுக் கிராமங்கள், பிறகு தனியாக ஒரு பழங்குடிக் கிராமம். ஏறத்தாழ 6,000 பேர். ஏழை, பணக்காரர் என்று பிரிக்கவில்லை, பட்டா கேட்கவில்லை. பெரியவருக்கு மாதம் 200 ரூபாய், குழந்தைக்கு 100 ரூபாய், பிறகு 300, 150 என்று உயர்த்தினார்கள். பெண்ணின் பங்கு பெண்ணிடமே, குழந்தையின் பங்கு தாயிடம். ரேஷனை நிறுத்தவில்லை.

எல்லாரும் முதலில் கேட்கும் கேள்வி: குடித்துவிட மாட்டார்களா? குடி கூடியதற்கு ஆதாரம் கிடைக்கவில்லை. என்ன கூடியது? ஆடு, கோழி, மாடு கூடின. விதைக்கும் உரத்துக்கும் செலவு செய்தார்கள். பிள்ளைகளின் எடை தேறியது, குறிப்பாகப் பெண் குழந்தைகளுக்கு. எனக்கு முக்கியமாகப் பட்டது வேறொன்று. பழங்குடிக் குடும்பங்களில் பிறர் நிலத்துக்குக் கூலிக்குப் போகும் நேரம் குறைந்து, தங்கள் துண்டு நிலத்தில் பாடுபடும் நேரம் கூடியது. வாங்கிய கடனுக்காக ஒரு நிலக்காரரிடம் ஆண்டுக் கணக்கில் கட்டுண்டு வேலை செய்பவரை அங்கே 'நௌகர்' என்பார்கள். நம் பக்கத்தில் பண்ணையாள். அப்படிக் கட்டுண்ட சிலர் அந்தக் கட்டிலிருந்து வெளியே வந்தார்கள். ஒரு குடும்பத்துக்கு மாதம் ஆயிரத்தைச் சுற்றி வந்த பணம். அது யாரையும் பணக்காரராக்கவில்லை. 'இன்று வரமாட்டேன்' என்று சொல்ல வைத்தது.

என் அண்ணி இதை எனக்கு வேறு வார்த்தையில் சொன்னார். 2023 செப்டம்பர் 15இல் தொடங்கிய கலைஞர் மகளிர் உரிமைத் தொகை அவருக்கு வருகிறது. மாதம் 1,000 ரூபாய். தொடங்கியபோது ஒரு கோடியே ஆறு லட்சம் பெண்களுக்குக் கொடுத்தார்கள். இந்தத் திட்டமும் நிலத்தைக் கேட்கிறது. ஆனால் தலைகீழாகக் கேட்கிறது. நன்செய் ஐந்து ஏக்கருக்கு மேலோ புன்செய் பத்து ஏக்கருக்கு மேலோ இருந்தால் கிடையாது. நிலமே இல்லாதவருக்கு உண்டு. பட்டா இல்லாததால் எங்கள் குடும்பத்தின் கைக்கு வந்த முதல் அரசுப் பணம் இதுதான்.

எங்கள் வீட்டில் நடவுக்கு முன்னால் உரமும் மருந்தும் நெல் வியாபாரியிடம் கடனாக வாங்குவது வழக்கம். அறுவடையன்று அவர் களத்துக்கே வந்துவிடுவார். கடன் கொடுத்தவர் அவர், விலை சொல்பவரும் அவர். அரசு கொள்முதல் நிலையத்துக்குப் போகலாமே என்று நான் படித்த மேதாவியாக ஒருமுறை சொன்னேன். "அடங்கல் யார் பேருல இருக்குது?" என்று அண்ணன் ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார். கிராம நிர்வாக அலுவலரிடம் சான்று வாங்கலாம், ஆனால் அதற்கு நிலத்துக்காரர் வாய் திறக்க வேண்டும். சாகுபடி செய்கிறவர் என்று எழுத்தில் வந்துவிட்டால் நாளைக்கு நிலம் போய்விடும் என்பது அவருடைய பயம்.

இரண்டு ஆண்டுகளுக்கு முன் அண்ணி நான்கு மாதப் பணத்தைத் தொடாமல் வைத்திருந்து, வியாபாரியின் உரக் கடனில் பாதியை அறுவடைக்கு முன்பே அடைத்துவிட்டார். அவர் வழக்கம்போலச் சாக்குடன் வந்தார். அண்ணி என்னிடம் சொன்னதை அப்படியே சொல்கிறேன்: "முன்னெல்லாம் அவரு வந்து நின்னா அளந்து குடுத்துடுவோம். இந்த வாட்டி, பத்து நாளு போவட்டும்னு சொன்னேன். அவ்ளோதான். அவரு மொவத்த நீ பாத்திருக்கணும்." பத்து நாள் கழித்து மூட்டைக்கு 150 ரூபாய் கூடுதலாகக் கிடைத்தது. அந்தப் பணத்தைவிட 'பத்து நாள் போகட்டும்' என்று சொன்னதைத்தான் அண்ணி இன்றும் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறார்.

தோழர்களே, பொறுக்க முடிவதுதான் பலம். நிலமுள்ளவருக்கு அந்தப் பலம் பிறப்பிலேயே கிடைக்கிறது. அவர் விலைக்காகக் காத்திருக்கலாம், கூலியாள் இறங்கி வரும்வரை காத்திருக்கலாம், வழக்கு முடியும்வரை காத்திருக்கலாம். நம்மால் இரவுச் சோற்றைத் தாண்டிக் காத்திருக்க முடியாது. நாம் கோயில் தெருவில் நடந்ததற்காக, கூலி கூடக் கேட்டதற்காக, ஊர் கூடி 'சேரியாட்களை வேலைக்குக் கூப்பிடாதே, கடையில் சாமான் கொடுக்காதே' என்று கட்டுப்பாடு போடும்போது, அவர்கள் நம்பியிருப்பது இந்தப் பொறுக்க முடியாமையைத்தான். ஊர் வழியாக வராத, ஊர்க்காரர் நிறுத்த முடியாத பணம் ஆயிரமாக இருந்தாலும், அந்தக் கட்டுப்பாட்டில் பத்து நாளைத் தள்ளிப்போடும்.

இப்போது பஞ்சமி நிலத்துக்கு வருகிறேன். செங்கல்பட்டு ஆட்சியராக இருந்த ட்ரெமென்ஹீர் 1891இல் பறையர் மக்களின் நிலைமையைப் பற்றி அறிக்கை எழுதினார். 1892இல் அரசாணை வந்தது. நிலம் கொடுத்தார்கள், நிபந்தனையும் போட்டார்கள். பத்தாண்டுகளுக்கு விற்கக் கூடாது, அதன் பிறகும் ஒடுக்கப்பட்டவர்களுக்கு மட்டுமே விற்கலாம். நம்மைக் காப்பாற்றப் போட்ட நிபந்தனை அது. பிறகும் ஏன் போனது? மோசடி, மிரட்டல், அதிகாரிகளின் உடந்தை எல்லாம் உண்டு. ஆனால் எங்கள் பக்கத்துப் பெரியவர்களிடம் உட்கார்ந்து கேட்டால் அநேகமாக ஒரே கதையைச் சொல்வார்கள். ஒரு பிரசவம், ஒரு காய்ச்சல், ஒரு கருமாதி. கையில் காசில்லை. அவசரத்துக்கு ஒரு கைநாட்டு. என் தாத்தா தன் அப்பாவின் கருமாதிக்கு 80 ரூபாய் வாங்கி, இரண்டு ஏக்கரைக் கைவிட்டார் என்று அம்மா சொல்வார். நிலத்தைக் கொடுத்த அரசு, நிலத்தைப் பிடித்து நிற்கத் தேவையான சில்லறையைக் கொடுக்கவில்லை. கூட்டுறவுக் கடனும் கொடுக்கவில்லை. வெறும் நிலத்தோடு விடப்பட்டவனின் நிலம், முதல் பஞ்சத்திலேயே அடுத்தவன் கைக்குப் போய்விடும். நாளைக்கு நாம் காரணையை மீட்டாலும், மீட்ட நிலத்தில் நிற்கப்போகும் குடும்பத்துக்கு முதல் மூன்று ஆண்டுகள் மாதாமாதம் காசு வேண்டும். இல்லாவிட்டால் நம் பேரப்பிள்ளைகள் மறுபடி மீட்புப் போராட்டம் நடத்த வேண்டியிருக்கும்.

இதை மட்டும் சொல்லி நிறுத்தினால் நான் நேர்மையாகப் பேசியவள் ஆகமாட்டேன். மறுபக்கமும் உண்டு.

முதலாவது, பணம் வந்த வழியிலேயே போய்விடலாம். எங்கள் தெருவில் பல பெண்களுக்கு உரிமைத் தொகை வரும் வாரமே குழுக் கடன் வசூலிக்கும் ஆளும் வருகிறார். ஆயிரம் ரூபாய் அவர்கள் கையில் அரை நாள்கூடத் தங்குவதில்லை. அண்ணிக்கும் அப்படிப் போன மாதங்கள் உண்டு. வட்டிக் கம்பெனிகளைக் கட்டுப்படுத்தாமல் பணம் மட்டும் கொடுத்தால் அது அவர்களுக்கான மானியம்.

இரண்டாவது, விலைவாசி. 2019இல் நிர்ணயித்த 6,000 ரூபாயை அப்படியே வைத்திருந்தால் ஒவ்வோர் ஆண்டும் அது தானாகவே குறைந்துகொண்டு வரும். உயராத தொகை, சத்தமில்லாமல் வெட்டப்படும் தொகை.

மூன்றாவதுதான் பெரிய ஆபத்து. பணத்தைக் கொடுத்துவிட்டு மற்றதைப் பிடுங்குவது. பக்கத்திலேயே பாடம் இருக்கிறது. 2015 செப்டம்பரில் புதுச்சேரியில் உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி கிடைக்க வேண்டிய அரிசிக்குப் பதிலாக வங்கிக் கணக்கில் பணம் போடத் தொடங்கினார்கள். ரேஷன் கடையைத் திற என்ற குரல் அங்கே ஆண்டுக்கணக்கில் ஒலித்தது. 2016-17ஆம் ஆண்டின் மத்திய அரசுப் பொருளாதார ஆய்வறிக்கை எல்லாருக்கும் அடிப்படை வருமானம் என்பதைப் பற்றி ஓர் அத்தியாயமே எழுதியது. அதிலும் பணத்துக்கு வழி, இருக்கிற மானியங்களையும் திட்டங்களையும் சுருக்குவதுதான். அரிசிக்குப் பதில் பணம், பள்ளிக்கூடத்துக்குப் பதில் பணம், நிலத்துக்குப் பதில் பணம் என்று எவர் வந்தாலும் 'பதில்' என்ற அந்தச் சொல்லில் நாம் அவரை நிறுத்த வேண்டும். 1947இல் 'அரசுகளும் சிறுபான்மையினரும்' என்ற திட்டத்தில் அம்பேத்கர் நிலத்தை அரசுடைமையாக்கி, சாதி வேறுபாடின்றிக் கூட்டுப் பண்ணைகளுக்குக் குத்தகைக்கு விடச் சொன்னார். அந்தக் கோரிக்கையை மாதம் ஆயிரம் ரூபாய்க்கு யாரும் வாங்கிக்கொள்ள முடியாது.

ஆகவே, தலைப்பைக் கேட்டுச் சந்தேகப்பட்ட தோழருக்கு என் பதில் இது. பணத்தை வேண்டாம் என்று சொல்லாதீர்கள். யாருக்கு, எதைக் கேட்டு, எதற்குக் கூடுதலாக என்று கேளுங்கள். நிலத்தின் அளவைப் பார்த்து வரும் பணம் ஆளைப் பார்த்து வரட்டும். உழுகிறவருக்கும், நாற்று நடுகிறவருக்கும், ஆடு மேய்க்கிறவருக்கும், பெண்ணுக்கு அவள் கணக்கிலேயே வரட்டும். விலைவாசியோடு உயரட்டும். ரேஷனும் நூறுநாள் வேலையும் அப்படியே இருக்கட்டும். குத்தகைதாரர் உரிமைகளைப் பதிவு செய்யத் தமிழ்நாட்டில் 1969ஆம் ஆண்டே சட்டம் வந்துவிட்டது. அதில் என் அண்ணனின் பெயர் இல்லை. அவரைப் போன்றவர்களின் பெயரை ஏற்றும் வேலை நடக்கட்டும். பஞ்சமி நில மீட்பு இவை எல்லாவற்றுக்கும் மேலே நிற்கட்டும்.

மாணவ நண்பர்களுக்கு ஒரு வேலை வைத்திருக்கிறேன். அடுத்த விடுமுறைக்கு ஊருக்குப் போகும்போது ஒரு நாற்பது பக்க நோட்டை எடுத்துக்கொள்ளுங்கள். நான்கு கட்டம் போடுங்கள். நிலம் யார் பெயரில் இருக்கிறது, யார் உழுகிறார், அரசுப் பணம் யார் கணக்குக்கு வருகிறது, அந்த நிலம் 1892க்குப் பிறகு யார் கையில் இருந்ததாக ஊரில் சொல்கிறார்கள். முப்பது வீடுகளுக்குக் கேட்டாலே போதும். நான்கு கட்டத்திலும் ஒரே பெயர் எத்தனை இடத்தில் வருகிறது என்று எண்ணுங்கள். உங்கள் பேராசிரியர் அதை ஆய்வு என்று ஏற்றுக்கொள்ளாவிட்டால் மன்றத்துக்கு அனுப்புங்கள். அடுத்த கோரிக்கை மனுவோடு அதை இணைப்போம்.

ஜான் தாமஸும் ஏழுமலையும் கேட்டது நிலம். அதைக் கேட்டு நிற்கும் மக்கள் பசிக்காக நடுவிலேயே வீடு திரும்பிவிடாமல் இன்னும் பத்து நாள் நிற்க வேண்டும். அந்தப் பத்து நாளுக்குத்தான் பணம் கேட்கிறேன்.